அக்கரையில் அம்மா

காவிரியில் வெள்ளம். சாதாரண வெள்ளமல்ல. ஓடக்காரர்களே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிற வெள்ளம்.

தென்கரையில் திருச்சிராப்பள்ளி. மலையடிவாரத்தில் ஒரு வணிகர் வீடு. உள்ளே ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. ரத்தினாவதி என்று பேர். எதிர்க்கரையில் அவளுடைய அம்மா. மகளுக்குப் பிரசவம் பார்ப்பதற்காகக் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கிளம்பி வந்தவள். மருந்து, எண்ணெய் எல்லாம் மூட்டை கட்டி எடுத்து வந்திருக்கிறாள். ஆற்றைத் தாண்டினால் மகள் வீடு. தாண்டத்தான் முடியவில்லை.

இங்கே மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

அப்புறம் நடந்ததைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. அவள் மலைமேல் இருக்கிற சிவனைக் கூப்பிட்டாள். கதவு திறந்தது. அம்மா! அதே முகம், அதே குரல், அதே மூட்டை. பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரசவம் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டினாள். பத்தியம் பார்த்துக்கொண்டு கூடவே இருந்தாள். வெள்ளம் வடிந்தது. வாசலில் இன்னொரு அம்மா வந்து நின்றாள். நிஜ அம்மா. திரும்பிப் பார்த்தால் உள்ளே இருந்த அம்மாவைக் காணோம்.

தாயும் ஆனவர். தாயுமானவர். மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்கள் வழியில் பார்த்துவிட்டுப் போகிற சாமியின் பேர் இப்படித்தான் வந்தது என்கிறது தலபுராணம். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தாயுமானவருக்குப் பேர் வந்ததும் இந்தச் சாமியால்தான். இன்றைக்கும் சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று ஒருநாள் வைத்து இந்தப் பிரசவத்தைக் கோயிலில் நடித்துக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவமானால் வாழைத்தார் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் தாரோடு படியேறுகிறார்கள்.

புராணம்தான். கல்வெட்டு ஆதாரம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்.

வந்தவர் யார்? முப்புரம் எரித்தவர். கங்கையையே தலையில் பிடித்து முடிந்துகொண்டவர். அவர் நினைத்தால் காவிரியை ஒரு கையால் நிறுத்தியிருக்கலாம். அல்லது, 'அம்மா வருகிற வரைக்கும் வலி வராமல் இரு' என்று ஒரு வரம் கொடுத்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வெள்ளம் பாட்டுக்கு ஓடியது. வலி பாட்டுக்கு வந்தது. அவர் செய்தது ஒன்றுதான். புடைவை கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பிரசவ வலியைத் தள்ளிப்போடுவது கடவுளே கைவைக்காத காரியம். ஒரு மகாராணி கைவைத்தாள்.

அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டாம். மலைக்கோட்டையிலிருந்து காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் தீவு. முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிற ஆறு, வடக்கே கொள்ளிடமாகவும் தெற்கே காவிரியாகவும் ஓடி நடுவில் விட்டுவைத்த நிலம். அந்தத் தீவில் ரங்கநாதருக்கு வெகு பக்கத்திலேயே திருவானைக்கா. அங்கே கோயில் கட்டிய சோழனின் பேர் கோச்செங்கணான். போன ஜென்மத்தில் சிலந்தி. வெண்நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி என்று கதை சொல்வார்கள். அந்தச் சிலந்தி ராஜாவாகப் பிறந்த நாளில் நடந்ததைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரிய புராணத்தில் எழுதிவைத்தார்.

ராணி கமலவதிக்கு வலி கண்டுவிட்டது. சோதிடர்கள் கணக்குப் போட்டார்கள். இப்போது பிறப்பதைவிட இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் இந்தப் பிள்ளை மூவுலகையும் ஆளும் என்றார்கள். ஒரு நாழிகை என்றால் 24 நிமிடம். அவ்வளவுதான்.

ராணி தயங்கவில்லை. 'என் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள்' என்று சொல்லிவிட்டாள். தொங்கவிட்டார்கள். 24 நிமிடம் கழித்து அவிழ்த்தார்கள். பிள்ளை பிறந்தது. தாமதமானதால் கண் இரண்டும் சிவந்திருந்தது. செங்கணான் என்ற பேர் அதனால்தான். பிள்ளையைப் பார்த்து ஒரு வார்த்தை கொஞ்சினாள். செத்துப்போனாள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பிரசவக் கதை, அந்தப் பக்கம் ஒரு பிரசவக் கதை. ஒன்றில் தாயும் சேயும் நலம். இன்னொன்றில் தாய் இல்லை. வித்தியாசம் என்ன? ராணியைச் சுற்றி அரண்மனையே நின்றது. வணிகப் பெண்ணுக்கு யாருமே இல்லை. ஆனாலும் அவள் பிழைத்தாள். ஏனென்றால் அவளிடம் வந்த ஒருத்தர் வலி சொன்னதைக் கேட்டார். ராணியைச் சுற்றி நின்றவர்கள் பஞ்சாங்கம் சொன்னதைக் கேட்டார்கள்.

சரி, வலி அப்படி என்னதான் சொல்கிறது? அதற்கு முன்னால், எப்போது வரவேண்டும் என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று நம் அம்மாக்கள் சொல்வதைக் கேட்டு, ஒன்பது மாதம்தானே என்று படித்த பிள்ளைகள் திருத்துவதுண்டு. அம்மாக்கள் சொல்வதுதான் கணக்கு. 28 நாளுக்கு ஒரு மாதம் என்று வைத்தால் பத்து மாதம் 280 நாள். டாக்டர்கள் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணிக் குறித்துக் கொடுக்கும் தேதியும் அதே 280ஆவது நாள்தான். ஆனால் சரியாக அந்தத் தேதியில் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான் தேறும். 37 வாரம் முடிந்துவிட்டால் எந்த நாளும் அந்த நாளாக இருக்கலாம்.

நியூஸிலாந்தில் லிக்கின்ஸ் என்று ஒரு டாக்டர். 1960களில் செம்மறியாடுகளை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் குடைந்தார். வலியைத் தொடங்கிவைப்பது தாய் ஆடல்ல, உள்ளே இருக்கிற குட்டி என்று கண்டுபிடித்தார். குட்டியின் உடம்பில் சுரக்கிற ஹார்மோன்தான் மணியடிக்கிறது. மனிதர்களுக்கு விஷயம் இன்னும் சிக்கல். குழந்தை, நஞ்சு, கர்ப்பப்பை மூன்றும் கூடிப் பேசித்தான் காரியம் நடக்கிறது. ஒன்று மட்டும் நிச்சயம். அந்தக் கூட்டத்தில் சோதிடருக்கு நாற்காலி கிடையாது.

இந்த மணியோசையைக் காதில் வாங்குவதுதான் அக்கரையிலிருந்த அம்மாவின் உத்தியோகம். நம் ஊரில் முதல் பிரசவம் தாய்வீட்டில் என்று ஏன் வைத்தார்கள்? செலவு யாருடையது என்பதற்காக மட்டுமா? வளைகாப்புப் போட்டுக் கையோடு அழைத்துப் போய்விட்டால் நடுவில் எந்த ஆறும் வராது. புது மருமகள் மாமியாரிடம் சொல்லக் கூச்சப்படுகிற சங்கதிகளை அம்மாவிடம் சொல்லுவாள். சொல்லாவிட்டாலும் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாள். 'வயிறு இறங்கிடுச்சுடி' என்பாள். தலைச்சன் பிள்ளை என்றால் இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே குழந்தையின் தலை கீழே இறங்கும். மூச்சு விட சுலபமாக இருக்கும். அடிக்கடி ஒன்றுக்குப் போகத் தோன்றும். இது முன்னறிவிப்பு. பெட்டியைக் கட்டி வைக்கலாம். கிளம்ப வேண்டியதில்லை.

அடுத்தது சூட்டு வலி. பொய் வலி என்றும் சொல்வார்கள். பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற இங்கிலாந்து டாக்டர் 1872இல் இதைப் பற்றி எழுதியதால் ஆங்கில வைத்தியத்தில் அவர் பேரையே வைத்துவிட்டார்கள். நம் பாட்டிகளுக்கு ஹிக்ஸைத் தெரியாது. சீரகக் கஷாயம் தெரியும். 'குடிச்சுட்டுக் கொஞ்சம் நட. சூட்டு வலின்னா அடங்கிடும். பிள்ளை வலின்னா ஏறும்' என்பார்கள். சீரகத்துக்கு அப்படியொரு மகிமை இருக்கிறதோ இல்லையோ, பரீட்சை நல்ல பரீட்சை. இன்றைக்கு எந்த நர்ஸைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார். தண்ணீர் குடி, எழுந்து நட, படுத்துப் பார். பொய் வலி கலைந்துபோகும். நிஜ வலி எதற்கும் அசையாது. முதுகிலும் இடுப்பிலும் தொடங்கி முன்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். வயிறு கல்லாக இறுகும், பிறகு தளரும். மறுபடி இறுகும். இடைவெளி குறைந்துகொண்டே வரும். வலி கூடிக்கொண்டே போகும்.

கடிகாரத்தைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் இதுதான். ஒரு வலி ஆரம்பிப்பதிலிருந்து அடுத்த வலி ஆரம்பிக்கும் வரை எண்ணுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் அளவுக்கு, ஒரு மணி நேரமாக விடாமல் வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். கிளம்ப வேண்டியதுதான். இரண்டாவது பிள்ளை என்றாலோ, ஆஸ்பத்திரி தூரம் என்றாலோ அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. இதற்கு முன்போ கூடவோ ரத்தம் லேசாகக் கலந்த சளி மாதிரிப் படுவதும் உண்டு. கர்ப்பப்பையின் வாய் திறக்கத் தயாராகிறது என்று அர்த்தம்.

கஷாயத்துக்கு நேரமே இல்லாத அறிகுறிகளும் இருக்கின்றன. பனிக்குடம் உடைந்து தண்ணீர் வந்துவிட்டால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், உடனே போக வேண்டும். அந்தத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. இன்னும் அவசரம். மாதவிலக்குப் போல ரத்தம் கொட்டினால், குழந்தையின் அசைவு குறைந்தால், தலைவலி மண்டையைப் பிளந்தால், பார்வை மங்கினால், வலிப்பு வந்தால், 37 வாரம் முடிவதற்குள்ளேயே வலி வந்தால்... இவற்றில் எதற்கும் பாட்டி வைத்தியம் கிடையாது. பாட்டிகளும் இருக்கிறது என்று சொன்னதில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி கிடையாது, அவ்வளவுதான்.

வேறு வழி கிடையாது என்பதற்கும் இந்தத் தீவிலேயே சாட்சி உண்டு. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஓர் ஆஸ்பத்திரியே இருந்தது. ஆரோக்கியசாலை. பழுதாகிப் போன அதை 1493இல் கருடவாகன பட்டர் என்பவர் புதுப்பித்துத் தன்வந்திரியைப் பிரதிஷ்டை செய்த செய்தி கல்வெட்டில் இருக்கிறது. இன்றும் தன்வந்திரி சந்நிதியில் தீர்த்தம் வாங்கலாம். ஆனால் பிரசவம் அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரி சமாசாரமே அல்ல. அது வீட்டின் பின்கட்டு சமாசாரம். ஓர் இருட்டறை, ஒரு மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண்மணி. எத்தனையோ பிள்ளைகளைக் கையில் வாங்கியவள். வலியைப் படிக்கத் தெரிந்தவள். ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தால், ரத்தம் நிற்காமல் போனால், அவளும் மலைமேல் இருக்கிற சாமியைத்தான் பார்க்க வேண்டும்.

வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரி கொண்டுவந்தான். 1844இல் சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி. பின்னாளில் எழும்பூர் ஆஸ்பத்திரியாகப் பேர் வாங்கியது அதுதான். பிரச்னை தீர்ந்ததா? ஊஹும். 1890களில் திண்டிவனத்தில் ஒரு ராத்திரி நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்க மிஷனரி டாக்டர் ஜான் ஸ்கடரின் வீடு. அவர் மகள் ஐடா. டாக்டருக்குப் படிக்கிற எண்ணமே இல்லாத இளம்பெண். அந்த ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவ வலி. சிக்கலான பிரசவம். நீ வா என்று ஐடாவைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. ஓர் ஆண்பிள்ளை என் மனைவியைத் தொடுவதா என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடில்லை.

ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து 1900இல் திரும்பி வந்தார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பிறந்த கதை அது.

இப்போது ரத்தினாவதி கதையைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். சிவன் ஏன் சிவனாகவே வரவில்லை? வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். கதை சொன்னவர்களுக்கு ஊர் நிலவரம் தெரிந்திருக்கிறது. உதவி வந்தால் மட்டும் போதாது. உள்ளே விடுகிற உருவத்தில் வரவேண்டும்.

1994இல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், தாடியஸ், மெய்ன் என்று இரண்டு பெண்கள், பிரசவ மரணங்களை ஆராய்ந்து மூன்று தாமதங்கள் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் முதல் தாமதம். போய்ச் சேருவதில் இரண்டாவது. போன இடத்தில் வைத்தியம் கிடைப்பதில் மூன்றாவது. உலகம் முழுக்க இதை வைத்துத்தான் இன்றுவரை தாய் மரணங்களை அலசுகிறார்கள். காவிரி வெள்ளம் இரண்டாவது தாமதம். திண்டிவனத்து ராத்திரியும் கமலவதியின் ஒரு நாழிகையும் முதல் தாமதம்.

இரண்டாவது தாமதத்தைத் தமிழ்நாடு பெரிய அளவில் ஜெயித்துவிட்டது. கொள்ளிடத்தின் மேல் 1928இல் இரும்புப் பாலம். காவிரியின் மேல் 1976இல் சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் நடுவே பாலம். 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ். மூன்றாவது தாமதத்துக்கும் வேலை நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்ஸுகளைப் போட்டு ராத்திரியும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித்தொகை வந்தது. பிரசவ வார்டுக்குள் அம்மாவோ அக்காவோ துணைக்கு இருக்கலாம் என்று அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதித்தார்கள். பக்கத்தில் ஒருத்தி தொடர்ந்து இருந்தால் வலி நேரம் குறைகிறது, சுகப்பிரசவ வாய்ப்புக் கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே சிபாரிசு செய்தது. தாயுமானவர் செய்தது அதைத்தானே?

பலன் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2001-03இல் 134 தாய்மார்கள் இறந்த மாநிலத்தில் 2018-20இல் அது 54 ஆகக் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவிகிதம் ஆஸ்பத்திரியில்தான் நடந்தன.

மிச்சம் இருப்பது முதல் தாமதம். அதற்குப் பாலம் கட்ட முடியாது. அது ஆற்றில் இல்லை, வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. 'விடியட்டும், பார்த்துக்கலாம்.' 'ராகு காலம் முடியட்டும்.' 'அவங்கப்பா வேலையிலேர்ந்து வரட்டும்.' 'இன்னும் தேதி இருக்கே.' ராகு காலம் ஒன்றரை மணி நேரம். கமலவதி தொங்கியதைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு.

கமலவதியின் சோதிடர்களுக்கு இப்போது வேறு வசதியும் வந்துவிட்டது. தொங்கவிட வேண்டாம், நல்ல நேரம் குறித்துக்கொடுத்து சிசேரியன் செய்துகொள்ளலாம். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவிகிதம் சிசேரியன். எல்லாமே நட்சத்திரம் பார்த்துச் செய்ததல்ல. உயிரைக் காப்பாற்றியவை ஏராளம். ஆனால் அவசியமே இல்லாமல் நல்ல நட்சத்திரத்துக்காக 39 வாரத்துக்கு முன்பே எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். நுரையீரல் தயாராகவில்லை என்று உள்ளே இருந்தவர் மணியடிக்காமல் இருந்தார். நாம் கேட்கவில்லை.

வீட்டில் நிறைமாதக்காரி இருந்தால் இந்த வாரமே நாலு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது? எந்த ஆஸ்பத்திரி? அவளுடைய அட்டையும் பரிசோதனைச் சீட்டுகளும் எந்தப் பையில் இருக்கின்றன? நாலாவதுதான் முக்கியம். கிளம்பலாம் என்று சொல்கிற அதிகாரம் யாருக்கு? பெரியவர்கள் கூடிப் பேசி ஆளுக்கொரு பேர் சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். அவளுக்குத்தான். 'எனக்கு என்னமோ மாதிரி இருக்கு' என்று அவள் சொன்னால் கூட்டம் போடாதீர்கள். பொய் வலியாக இருந்தால் காட்டிவிட்டுத் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். நஷ்டம் ஆட்டோ சத்தம் மட்டும்தான்.